யாரென்றே தெரியாத ஒருவருக்கு நான் பிணையாம்

முச்சக்கர வண்டி ஒன்றின் லீசிங்குக்கு நான் பிணை நின்றிருக்கிறேனாம். வண்டியை எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை, அந்த லீசிங் கம்பனியின் படியை மிதித்ததும் இல்லை. ஆனால் அவர்களிடம் இருக்கிற பைலில் என் அடையாள அட்டையின் போட்டோ கொப்பி இருக்கிறது, என் பெயருக்கு ஒரு சம்பளக் கடிதம் இருக்கிறது, கிராம அலுவலர் கொடுத்ததாக ஒரு வதிவிடச் சான்றிதழ் இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து என்று ஏதோ ஒன்று கிறுக்கியும் இருக்கிறது. வண்டியை எடுத்தவர் தவணை கட்டவில்லை. நிலுவை ஏறி ஏறி, யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைக்கிற கிரிப்பில் என் பெயர் விழுந்து கிடந்திருக்கிறது. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் நாங்கள் எப்போதோ விட்டு வந்த கொட்டாஞ்சேனை வாடகை வீட்டுக்குப் போயிருக்கின்றன.

வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில்தான் இது வெளியே வந்தது. தெஹிவளைப் பக்கம் சின்னதாக ஒரு பிளாட் பார்த்து, கணவரும் நானும் இரண்டு பேருடைய சம்பளத்தையும் போட்டுக் கணக்குப் பார்த்து, சரி, கையைக் கடிக்காது என்று முடிவெடுத்து வங்கிக்குப் போனோம். பத்திரமெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் அந்த வங்கி அதிகாரி, தம்பி வயதுதான் இருக்கும், போன் எடுத்து, "அக்கா, நீங்க யாருக்காவது லீசிங்குக்கு சைன் பண்ணிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லா யோசிச்சுப் பாருங்க அக்கா, சொந்தக்காரர் யாருக்காவது..." என்று இழுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிணை நின்றுவிட்டு மறந்தவர்களையும், வீட்டில் சொல்லாமல் நின்றவர்களையும் தினமும் பார்க்கிறவர். ஆனாலும் இல்லை என்று நான் சொல்வது போதாது என்று அந்த நிமிடத்தில் விளங்கியது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அதே கதைதான். ஏமாற்றியவன் ஒன்றையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் நான் என்பதை ஒவ்வொரு மேசைக்கும் போய் நிரூபிக்க வேண்டியிருந்தது.

கிரிப் என்றால் என்னவென்று பலருக்குக் கடன் மறுக்கப்படும் போதுதான் தெரிய வருகிறது. இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. வங்கிகளும் ஃபினான்ஸ், லீசிங் கம்பனிகளும் யார் கடன் எடுத்தார்கள், ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்ற விவரத்தை அங்கே கொடுக்கின்றன. பிணை நிற்கிறவரின் விவரமும் அதில் சேரும். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே பணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம். ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் பிழை இருந்தால் கிரிப் தானாக அதை மாற்றாது, தகவலைக் கொடுத்த நிறுவனம்தான் திருத்திக் கொடுக்க வேண்டும். அதாவது கள்ளப் பத்திரத்தை நம்பிக் கடன் கொடுத்த அதே கம்பனியிடம் போய், தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்க வேண்டும்.

போனேன். முதலில் பைலைக் காட்ட மாட்டோம் என்றார்கள். அது வாடிக்கையாளரின் இரகசியமாம். அவருடைய கடனுக்கு நான் பொறுப்பு, ஆனால் நான் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லும் தாளை நான் பார்க்கக் கூடாது. அப்பாவின் பழைய நண்பர் ஒருவர், கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் சட்டத்தரணி. "பிள்ளை, வாயால கேட்டா ஒண்டும் நடக்காது, கடிதமாப் போடுவம்" என்று அவர்தான் எழுதிக் கொடுத்தார், பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதன் பிறகு கூப்பிட்டுக் காட்டினார்கள், படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்தப் போட்டோ கொப்பியை நான் மறக்கப் போவதில்லை. என்னுடைய பழைய அட்டை, லமினேட் பண்ணினது, ஓ.எல். பரீட்சைக்காகப் பாடசாலையில் எடுத்துக் கொடுத்தது. பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல், பயந்த முழி. அட்டை கொஞ்சம் சரிந்து விழுந்திருக்கிறது, ஓரத்தில் ஒரு பெருவிரலின் நிழல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. கொப்பி எடுக்கும் போது யாரோ அட்டையை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அது யாருடைய விரல்? தொலைபேசிக் கடையா, அறை வாடகைக்கு எடுத்த இடமா, தவணைக்கு ஃபிரிட்ஜ் வாங்கிய கடையா? இந்த ஊரில் எத்தனை இடத்தில் அந்த அட்டையை நீட்டியிருப்பேன், அதில் எந்த இடம் என்று எப்படிச் சொல்வது?

கையெழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் கையெழுத்துப் போடுகிறவள். வங்கிக் கணக்கில், பாடசாலை வரவுப் பதிவேட்டில், பிள்ளையின் ரிப்போர்ட் புத்தகத்தில், எல்லாவற்றிலும் தமிழ்தான். சம்பளக் கடிதம் அதைவிடக் கொடுமை. நான் அரச பாடசாலையில் ஆசிரியை. அந்தக் கடிதமோ புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நான் கணக்கு எழுதுவதாகச் சொல்கிறது, முத்திரையும் குத்தி. வதிவிடச் சான்றிதழில் கிராம அலுவலரின் சீல் போல ஒன்று இருக்கிறது, ஆனால் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் இல்லை. கிராம அலுவலரிடம் ஒரு தடவையாவது சான்றிதழ் எடுத்தவருக்குத் தெரியும், பிரதேச செயலகத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று. இவ்வளவும் அந்தப் பைலில் கண்ணுக்கு நேரே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையின் படத்தைப் பார்த்து, இந்த ஆளை ஒரு தடவை நேரில் வரச் சொல்லுவோமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு போன்? அதுவும் இல்லை. விண்ணப்பத்தில் எனக்கென்று எழுதியிருந்த தொலைபேசி இலக்கம் என்னுடையதே இல்லை.

அட்டை இலக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை இரகசியம் மாதிரி நினைக்கிறார்கள். அதில் இரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள், பிறகு ஒரு தொடர் இலக்கம், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். பெப்ரவரி 1இல் பிறந்த பெண் என்றால் 532. 2016இலிருந்து புதிதாகக் கொடுக்கப்படும் இலக்கம் 12 இலக்கமாகிவிட்டது. பழைய 9 இலக்கத்தை அதே முறைக்கு மாற்ற, அதன் முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டால் போதும். என் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்கிற எவருக்கும் அதில் பாதி தெரியும். அப்படிப்பட்ட ஒரு இலக்கத்தையும் அதன் நிழற்பிரதியையும் யார் கொண்டு வந்தாலும், கொண்டு வந்தவர்தான் அந்த ஆள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் இருக்கிறது. எங்காவது தேடிப் பார்க்கும் போது பழைய இலக்கத்திலும் புதிய இலக்கத்திலும் தேடச் சொல்லுங்கள், இரண்டும் இன்னும் பாவனையில் இருக்கின்றன.

ஏன் கேட்ட இடத்தில் எல்லாம் அட்டையை எடுத்து நீட்டுகிறோம் என்று இந்த நாட்களில் நிறைய யோசித்தேன். கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு அது வெறும் பழக்கம் கிடையாது. அப்பா இன்றைக்கும் வீட்டை விட்டு இறங்கும் போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். அட்டையைப் பொலித்தீனில் சுற்றி, அதன் மேல் ஒரு ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருப்பார். சோதனைச் சாவடியில் அட்டை இல்லையென்றால் என்ன நடக்கும் என்று தெரிந்த தலைமுறை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, அந்தப் பதிவுத் துண்டைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த வீடுகள் வெள்ளவத்தையில் எத்தனை. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே அதை நிறுத்தியது, ஆனால் அந்தப் பயம் நிற்கவில்லை. அட்டை இருந்தும் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். இப்படி வாழ்ந்தவர்கள் அட்டையைக் கேட்கிறவரிடம் "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்களா? அந்தக் கேள்வியை எங்களிடமிருந்து அடித்துப் பறித்தார்கள். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் சிம் கார்ட் விற்கிற பையன் கேட்டாலும் அதே கை அதே வேகத்தில் அட்டையை எடுத்துக் கொடுக்கிறது. இதை வைத்து ஒருவன் பிழைக்கிறான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பொலிஸுக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அம்மாவுக்கு விருப்பமே இல்லை. "உன்ர பேர் ஏற்கனவே ஒரு இடத்தில கிடந்து நாறுது, இன்னொரு இடத்திலயும் எழுதி வைக்கப் போறியா பிள்ளை?" என்றார். அம்மாவின் பயம் நியாயமானது, ஆனால் முறைப்பாடு இல்லாமல் எதுவும் நகராது என்று சட்டத்தரணி அங்கிள் உறுதியாகச் சொல்லிவிட்டார். கள்ளப் பத்திரம் செய்வதும், கள்ளப் பத்திரம் என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துவதும் தண்டனைச் சட்டக்கோவையில் வெவ்வேறு குற்றங்கள். கையெழுத்து என்னுடையதா இல்லையா என்பதை நீதிமன்றம் ஊடாக அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம். முறைப்பாட்டின் பிரதி கையில் இருந்தால்தான் இதெல்லாம் பேசவே முடியும்.

பொலிஸ் நிலையத்தில் என் வாக்குமூலத்தை ஒருவர் பொறுமையாகவே கேட்டார். நான் சிங்களத்தில் பேசுவேன், கடையில் பஸ்ஸில் பாடசாலை அலுவலகத்தில் எல்லாம் சமாளிப்பேன். ஆனால் கையால் வேகமாக எழுதிய சிங்களத்தை என்னால் வாசிக்க முடியாது. அவர் பக்கம் பக்கமாக எழுதி முடித்து, புத்தகத்தை என் பக்கம் திருப்பி, அடியில் விரலை வைத்து, இங்கே சைன் பண்ணுங்க என்றார். என் கை போகவில்லை. வாசிக்காத தாளில் என் கையெழுத்து இருக்கிறது என்று முறையிட வந்தவள், வாசிக்க முடியாத தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? மரியாதையாகத்தான் சொன்னேன், எனக்குத் தமிழில் வேண்டும் என்று. தமிழ் எழுதுகிற உத்தியோகத்தர் இன்றைக்கு இல்லை, பின்னேரம் வாங்க, நாளைக்கு வாங்க என்றார்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான் அன்றைக்கு அந்த வாங்கிலிருந்து எழும்பிப் போயிருந்தால் அடுத்த நாள் வகுப்பில் என்ன முகத்தோடு நிற்பது? இருட்டுகிற நேரத்தில் வேறு கடமையிலிருந்து ஒரு இளம் கான்ஸ்டபிள் வந்தார், மட்டக்களப்புத் தமிழில் பேசினார், முதலில் இருந்து திரும்ப எழுதினார், எழுதியதை வாசித்தும் காட்டினார். அதன் கீழே என் கையெழுத்தைத் தமிழில் போட்டேன்.

கம்பனியோடு நடந்தது கிணற்றில் போட்ட கல்தான். அந்தக் கிளையில் அப்போது இருந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டாராம், இடையில் நின்ற புரோக்கர் யாரென்று தெரியாதாம். முறைப்பாட்டைப் பதிய வேண்டுமென்றால் அடையாள அட்டையின் கொப்பி ஒன்று தாருங்கள் என்று கேட்டார்கள். கொடுத்தேன், ஆனால் அதன் குறுக்கே, படத்தின் மேலும் இலக்கத்தின் மேலும் படுகிற மாதிரி, எந்தக் கம்பனிக்கு, எதற்காக, என்ன திகதியில் கொடுக்கிறேன் என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். இது ஏற்றுக்கொள்ள மாட்டோம், கிளியராக வேண்டும் என்றார் கவுண்டரில் இருந்த பெண். மனேஜரைக் கூப்பிடுங்கள் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். இப்போது எங்கே கொப்பி கொடுத்தாலும் இப்படித்தான் கொடுக்கிறேன், நீங்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

கம்பனி பதில் தராமல் இழுத்தால் மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது, 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எப்படி முறையிடுவது என்று சொல்லுவார்கள். முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், அதனால்தான் பதிவுத் தபால் துண்டைத் தொலைக்கக் கூடாது. சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உங்களுக்குச் சம்பந்தமில்லாத கடன் என்பதற்காகச் சட்டத்தரணி கடிதத்தையோ நீதிமன்றக் கடிதத்தையோ தூக்கி எறிய வேண்டாம். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி வங்கியும் ஃபினான்ஸ் கம்பனியும் பத்திரத்தைக் காட்டி முதலில் ஒரு தற்காலிகத் தீர்ப்பை எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு நீங்கள்தான் உரிய காலத்துக்குள் போய், ஏன் அது செல்லாது என்று காரணம் காட்ட வேண்டும். போகாமல் விட்டால் கள்ளக் கையெழுத்து உண்மைக் கடனாகிவிடும்.

2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். வாங்கிய தகவலை வாங்கிய தேவைக்குத்தான் பாவிக்க வேண்டும், தேவை முடிந்தால் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகளை 2025 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவர இருந்து, பிறகு தள்ளிப் போட்டார்கள். கடையில் ஒரு பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிற எங்களுடைய கொப்பிகளுக்கு இது எப்போது வந்து சேரும்?

கடைசியில் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. நான் பிணையாளர் இல்லை என்று பதிவைத் திருத்திவிட்டார்களாம். ஒரு பந்திதான். கள்ளப் பத்திரம் என்ற சொல் அதில் இல்லை, மன்னிப்பும் இல்லை. கிரிப் சரியாகிவிட்டது, ஆனால் நாங்கள் பார்த்த பிளாட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அப்புறம் கம்பனியிலிருந்து ஒருவர் பேசினார். "மிஸ், உங்கட பேரைத்தான் எடுத்தாச்சே, இனி ஏன் பொலிஸ் என்று அலையுறீங்க? கேஸை வாபஸ் எடுங்களேன்." எடுக்க மாட்டேன் என்றேன்.

ஏன் என்று அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்தப் பைலில் என் கொப்பிக்குப் பின்னால் இன்னொரு கொப்பி இருந்தது. இரண்டாவது பிணையாளர். அதுவும் ஒரு பெண், அதுவும் பழைய லமினேட் அட்டை, தோட்டம் ஒன்றின் பெயரும் ஹற்றன் என்பதும் வாசிக்கக் கிடைத்தது. அதற்குள் பைலை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கங்களில் போட்டிருந்த ஆங்கிலக் கையெழுத்தும் என் பக்கங்களில் இருந்ததும் ஒரே கை, ஒரே நீலப் பேனா, கடைசி எழுத்தை இழுத்துக் கீழே கோடு போடுகிற அதே விதம். என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றால் முழு நிலுவையும் இப்போது யார் தலையில் நிற்கிறது? அவருக்கு லயத்து விலாசத்தில் கடிதம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தாலும் அது எந்த மொழியில் இருந்தது, வாசித்துச் சொல்ல யாராவது இருந்தார்களா? அவருக்கு அறிவித்தீர்களா என்று கம்பனிக்கு எழுதினேன், மூன்றாம் நபரின் விவரம் தர முடியாது என்றார்கள். பொலிஸ் முறைப்பாட்டில் அவரைப் பற்றியும் மேலதிக வாக்குமூலமாகச் சேர்த்திருக்கிறேன், மத்திய வங்கிக்கும் எழுதியிருக்கிறேன்.

ஹற்றன் பக்கம் உறவுகளோ தெரிந்தவர்களோ இருக்கிறவர்கள், கொழும்பில் வேலைக்கு வந்த காலத்தில் எங்காவது அட்டைக் கொப்பி கொடுத்த பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு தடவை கிரிப் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தெரியாத ஒரு முச்சக்கர வண்டி இருந்தால் எனக்கு எழுதுங்கள். என்னுடைய கடிதங்கள், முறைப்பாட்டுப் பிரதி, கம்பனி அனுப்பிய பதில் எல்லாவற்றையும் அவருக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். பொலிஸுக்குப் போவதென்றால் கூடவே வருகிறேன்.